'எடுத்துக்கங்க' என்று எழுதிய யோகா டீச்சர்

பொகவந்தலாவை பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. அதில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருப்பார்கள். வாசிக்கத் தெரிந்த பிறகு அந்தச் சுவரைச் சும்மா கடந்து போக என்னால் முடிவதில்லை. டியூசன் வகுப்பு, கோயில் திருவிழா, காணாமற்போன மாடு, எல்லாவற்றையும் நின்று வாசிப்பேன். பஸ் போனால் அடுத்த பஸ் இருக்கிறது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். கறுப்புக் கரை போட்ட புது நோட்டீசு ஒன்று இருந்தது. படம் இல்லை. 'மரண அறிவித்தல்' என்ற தலைப்பை ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். அந்தச் சொற்கள் எனக்குப் பழக்கம். பிறகு பெயருக்கு வந்தேன். பெயர்கள்தான் எனக்குக் கஷ்டம், அடுத்த எழுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாது. யோ என்று வாசித்தேன். கே என்று வாசித்தேன். புள்ளி வைத்த ஸ் எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வ, ரி. கண் முடிப்பதற்கு முன்னால் வாய் சேர்த்துச் சொல்லிவிட்டது. யோகேஸ்வரி. கீழே, ஓய்வுபெற்ற ஆசிரியை என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். "யாருங்க தாத்தா செத்தது?"

"நம்ம யோகா டீச்சரு," என்றேன்.

என் வயதுக்கு எத்தனையோ சாவுச் செய்தி கேட்டிருக்கிறேன். எல்லாம் யாராவது வாசித்துச் சொன்னவை, ஒரே அடியாக வந்து விழுந்தவை. இது மட்டும் எழுத்து எழுத்தாக வந்தது. எனக்கு எழுத்தைக் கொடுத்தவரின் சாவை நானே வாசித்துத்தான் அறிந்தேன்.

டீச்சரின் தங்கை பவானி அம்மா, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார். "எனக்கு எழுத நாள் பிடிக்குமுங்க," என்றேன். "பிடிக்கட்டும், அக்கா உங்களைப் பற்றி நெடுகச் சொல்லுவா," என்றார். அதனால் எழுதுகிறேன். டீச்சரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

டீச்சர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது தொண்ணூறுகளில். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து கிளம்பிய குடும்பம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தோல் பையும் ஒரு குடையும் அவரிடம் இருந்தன. கணக்கு டீச்சர். அவர் பேசிய தமிழ் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடவில்லை. முதல் நாள் வகுப்பில் சத்தம் கூடியதும், "கதையாதேங்கோ," என்று சொன்னாராம், பேசாதீர்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் முழித்தார்கள். ஒருவன் எழுந்து, "நாங்க கதை ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர், சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்," என்றான். இதை டீச்சரே பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பின்னேரங்களில், தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பெரியவர்களுக்கும் எழுத்து வகுப்பு வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் அதற்கு ஒன்றும் கொடுக்கவுமில்லை. அப்போது நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பொதி கட்டும் பகுதியில் வேலை. காலமெல்லாம் எழுத்துகளைத் தூக்கிச் சுமந்தவன் நான். ஒவ்வொரு தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை என்று மார்க் அடித்திருக்கும். உருவத்தை வைத்து எது எந்த லொறிக்கு என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவை என்ன சத்தம் போடும் என்று தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வகுப்புக்குப் போனேன்.

உயிரெழுத்து முடிவதற்குள் டீச்சருக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் மாற்றம் வந்துவிட்டது. எழுத்து அட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தார். அந்த அலுமாரியைப் பிறகு யாரும் எங்களுக்காகத் திறக்கவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனவர்களில் நானும் ஒருவன். தோல் பையைத் தூக்கிக் கொடுத்தபோது, "வாத்தியாரு போனா பாடமும் பொட்டி கட்டிக்கிட்டுக் கூடவே போயிருதுங்க டீச்சர்," என்றேன். குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன். டீச்சர் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆறு மாதத்தில் எனக்கு ஆனாவும் ஆவன்னாவும் மட்டும் மிச்சமிருந்தன.

வருடங்கள் போயின. லயங்களுக்கு, அதாவது ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் குடியிருப்புகளுக்கு, கைப்பேசி வந்தது. குவைத்தில் வேலை செய்த என் மகள் எனக்கு ஒன்று கொடுத்தனுப்பினாள். அது ஒரு மழைக்காலத்தில் ஊமையாகிவிட்டது. திருத்துவதற்கு ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். அங்கே மணிக்கூட்டுக் கடைக்குப் பின்னால் தர்மே பாஸ் என்று ஒரு சிங்களவர் போன் திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தார். உள்ளே போனால், மேசை நிறைய போன்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி போட்ட அம்மா உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. குடையைப் பார்த்துத்தான் எனக்கு ஆள் தெரிந்தது.

"டீச்சருங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர், பொதி கட்டிற மாரிமுத்து ஐயாவே? போன் வைச்சிருக்கிறியளோ? ஒருக்காத் தாங்கோ பாப்பம்."

"கெட்டுப்போன போனுங்க."

"அதுதான் எனக்கு வேணும். புதுப் போனில எல்லாம் ஒழுங்காத்தான் வருகுது."

தர்மே பாஸ் என்னிடம் முறையிட்டார். "பெரியவரே, டீச்சராலே எனக்கு பிஸ்னஸ் இல்லே. நான் ஹதலா, திருத்தி வைக்கிறது, டீச்சர் எடுக்கிறது. ஆள் வந்து போன் எங்கே கேட்டா நான் என்ன சொல்றது? போன் இஸ்கோலே போயிருக்கு, பின்னேரம் வரும்னு சொல்றது." சொல்லிவிட்டு அவரே தேநீர் ஊற்றி டீச்சருக்கு வைத்தார்.

டீச்சர் வயது வருமுன் வேளைக்கே ஓய்வு எடுத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு மாடி அறையில் இருந்தார். கணினி படித்திருந்தார். பெரியவர்களுக்கான எழுத்துப் பாடத்தைச் சின்னச் சின்னப் படமாகச் செய்திருந்தார். ஓர் எழுத்து கோடு கோடாக வளரும். கூடவே டீச்சரின் குரல் சொல்லித் தரும். அவற்றை இணையத்தில் வைத்து, யாரும் தன் போனுக்கு எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய வேலை. சம்பளம் இல்லாத வேலை.

"நீங்கள் பஸ்ஸடியில சொன்னது எனக்குக் குத்தினது, ஐயா," என்றார். "அக்கரப்பத்தனையிலையும் அதுதான் நடந்தது. நான் வெளிக்கிட வகுப்பும் நிண்டிட்டுது. இனி நான் போனாலும் பாடம் போகக்கூடாது. அது உங்கட சட்டைப் பையிக்குள்ள கிடக்கவேணும்."

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கடைசி வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்க லேசாக இருக்கிறது. செய்வது லேசாக இருக்கவில்லை. என் போனுக்கு உயிர் வந்ததும் டீச்சர் அதில் தன் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னப் பெட்டிகள் நின்றன.

"இதுங்களா பாடம்? நம்ம லயத்தை மேல இருந்து பாத்தாப்புல இருக்குங்களே டீச்சர். ஒரு காம்பராவுல கூட ஆளக் காணோம்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்தப் போனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்றார். என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பக்கத்தில் வருகிற தமிழ்ச் சொற்களையெல்லாம் படமாக வரைந்து போட்டார். படம் எல்லாப் போனுக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய தொல்லை, பாடத்தை எடுக்கும்போது வந்தது. ஒரு போன் நன்றாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு போன் பாடத்தைப் பாடம் என்று அறியாமல், கடிதம் என்று நினைத்துத் திறந்துவிடும். திரை முழுக்க கோழி கிளறிய மண்போல ஒரு கிறுக்கல் ஓடும். வேறொரு போன் எடுத்து வைக்கும், ஆனால் என்ன பொருள் என்று தெரியாமல் திறக்க மறுக்கும். இன்னுமொரு போன், பாடத்தைக் காட்டிவிட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். சிக்னல் போனால் பாடமும் போய்விடும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். டீச்சர் என்னிடமே திருப்பிக் கேட்டார். "நீங்கள் பெட்டியில மார்க் அடிக்காம கொழும்புக்கு அனுப்பினா அங்க என்ன நடக்கும்?"

"திருப்பி அனுப்பிருவாங்க. இல்லாட்டி தப்பான குவியல்ல போட்டுருவாங்க."

"அதுதான் இதுவும். அனுப்புற கணினி, பாடத்துக்கு முன்னால நாலு விசயத்தைப் போனுக்குச் சொல்லவேணும். இது என்ன சாமான், இதின்ர பேர் என்ன, எவ்வளவு நிறை, பாத்திட்டு விடுறதோ வைச்சிருக்கிறதோ. ஒண்டைச் சொல்லாட்டியும் ஏதோ ஒரு போன் பிழையா விளங்கிக்கொள்ளும்."

அந்தக் கணினி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தனக்கும் தெரியாது, வாடகைக்கு எடுத்தது, அமெரிக்காவில் இருக்கலாம் என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பொதிக்கு மார்க் இல்லாமல் எப்படி என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நான் ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் கடைக்கும் போவேன். பாதி பாடத்துக்காக, பாதி தர்மே பாஸின் தேநீருக்காக. ஒரு நாள் டீச்சர், தோட்டத்தின் சிக்னலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கடையிலிருந்த பழைய போன்களை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு என்னுடன் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினார். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். அது சண்டை முற்றியிருந்த காலம். டீச்சரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையைத் திறந்தால் போன்கள், வயர்கள்.

பொலிஸ்காரர் ஒரு போனை எடுத்துத் தட்டினார். அதில் கடைசியாகத் திறந்திருந்தது அந்தக் கிறுக்கல்.

"மே மொகக்த?" என்று கேட்டார், இது என்ன என்று.

நான் முந்திக்கொண்டேன். "பாடம, சேர். அகுரு பாடம." எழுத்துப் பாடம் என்று அர்த்தம்.

அவர் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "மேவாத அகுரு?" இவையா எழுத்துகள்?

நானும் பார்த்தேன். அவை தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. இந்த உலகத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது சேர் என்று சிங்களத்தில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்துக்கு உதவாத உண்மை.

டீச்சரை நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அவர் உள்ளே நாற்காலியில் நிமிர்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது ஜன்னலால் தெரிந்தது. ஒருமுறை என்னைப் பார்த்து, "ஐயா, பஸ் இருக்கேக்குள்ள நீங்கள் போங்கோ," என்றார்.

"நீங்க வாங்க, சேந்தே போவோம்," என்றேன்.

நிலையத்திலிருந்து தர்மே பாஸுக்குப் பேசினார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சத்தம் போட ஆரம்பித்தார். அந்தப் போன்கள் தன் வாடிக்கையாளர்களுடையவை, அதில் ஒன்று இதே நிலையத்து சார்ஜனின் மச்சினனுடையது என்றார். பிறகு பையைக் கிளறி, பாடம் ஒழுங்காக வருகிற போனை எடுத்து அழுத்தினார். டீச்சரின் குரல் வந்தது. "அ. சொல்லுங்கோ, அ. அம்மா." பெரிய அதிகாரி பாடத்தை முழுக்கக் கேட்டார். சிங்களத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று டீச்சர் சிங்களத்தில் பதில் சொன்னார். கல்வி ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்து தரச் சொல்லி எங்களை விட்டார்கள்.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் டீச்சர் போன் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். அவர் பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

"என்னை விடுங்கோ," என்றார். "எனக்காக தர்மே பாஸ் வந்தார். நாளைக்கு லயத்தில இருக்கிற ஒரு பெடியன்ர போனில இந்தக் கிறுக்கல் கிடந்து, அவனைப் பிடிச்சா, அவனுக்காக ஆர் மோட்டார் சைக்கிள்ல வருவினம்?"

அன்றைக்கே போய்ப் பாடங்களையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு போனில்கூட அந்தக் கிறுக்கல் வராது என்று தெரியும் வரைக்கும் திருப்பிப் போடுவதில்லை என்று சொன்னார். கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டார்கள். பத்துப் போனில் ஒன்பதில் சரியாக வருகிறதே, அது போதாதா என்று கேட்டார்கள். "பத்தாவது போன் ஆரின்ர கையில இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று டீச்சர் கேட்டார்.

பாதி வருடத்துக்கு மேல் அதிலேயே இருந்தார். அனுப்புகிற கணினிக்கு, ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாலும் நான்கு மார்க்கையும் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். கோப்புகளின் பெயர் தமிழில் இருந்தபோது சில போன்களில் அது கேள்விக்குறிகளாக மாறியது. அதனால் பெயரை இங்கிலீசு எழுத்தில் மாற்றினார். எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். "பரவால்லீங்க டீச்சர், ஆபீசுலயும் எங்க பேரு இங்கிலீசுலதான் இருக்கு. தப்புத் தப்பா இருக்கு, ஆனா சம்பளம் வருதுல்ல," என்றேன். பெரிய பாடத்தைச் சில போன்கள் தூக்க மாட்டாமல் பாதியில் போட்டுவிட்டன. மலை மறைத்துச் சிக்னல் அறுந்தாலும் அப்படித்தான். முதலிலிருந்து தொடங்க வேண்டும், போட்ட ரீலோட் காசும் வீண். அதனால் பாடங்களை நறுக்கினார். ஓர் எழுத்துக்கு ஒரு கோப்பு. கொழுந்துக் கூடையை ஒரே தடவை நிரப்பி நிறுப்பதில்லையே.

இவ்வளவும் முடிந்து, தர்மே பாஸின் கடையில் எல்லாப் போனிலும் பாடம் வந்த அன்று, தர்மே பாஸ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தார். "இனி என் போன் எனக்கு," என்றார்.

ஆனால் யாரும் எடுக்கவில்லை.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்று அவரால் பார்க்க முடிந்தது. திறந்தார்கள், பார்த்தார்கள், பொத்தான்வரைக்கும் வந்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். மெசினில் இன்னும் ஏதோ பிழை என்று நினைத்து, எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார்.

என் மனைவி பேச்சாயி கொழுந்து எடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் என் போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்து, "ஏன் ஒருத்தரும் இதை அழுத்தேல்ல, அம்மா?" என்று பேச்சாயியைக் கேட்டார்.

"யாருங்க அழுத்துவா?" என்றாள் பேச்சாயி. "இவருதான் படிச்சுக் காட்டுனாருல்ல. பதிவ எறக்குறதுன்னு போட்டிருக்காம். நம்ம பதிவ நாமளே எறக்கிக்கிட்டா அப்புறம் காம்பராவுல குடியிருக்க விடுவாங்களா? கொழுந்து நிறுவைக்கு வந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், தொடாதீங்கடி அதைன்னு."

பொத்தானில் 'பதிவிறக்கம்' என்று இருந்தது. படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். ஹட்டன் கடையில் டீச்சரின் பாடங்களைப் பார்த்துப் பொறுக்கிய எழுத்துகளை வைத்து நான் கூட்டி வாசித்திருந்தேன். பதிவு, இறக்கம். வாசித்தது சரி. தோட்டத்தில் பதிவு என்றால் பேர்ப் பதிவு. பேர் பதிந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் காம்பரா. பேர்ப் பதிவுக்காக எங்கள் ஆட்கள் எத்தனை பேர் தோட்டத்து மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். அதை இறக்குகிற பொத்தானை யார் தொடுவார்கள்?

டீச்சர் எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு நாளும் மெசினுக்கு விளங்கிற மாதிரி மார்க் அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்," என்றார். "எடுக்கிற ஆளுக்கு என்ன மார்க் எண்டு யோசிக்கேல்ல."

பிறகு பேச்சாயியிடம் கேட்டார். "இது உங்களுக்கெண்டு வைச்சிருக்கிற சாமான், கொண்டு போங்கோ எண்டு சொல்லவேணும். நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?"

"இதுல என்னாங்க இருக்கு, எடுத்துக்கங்கன்னு சொல்லுவோம். வேற என்னாத்த சொல்றது?"

"எடுத்துக்கொள்ளுங்கள்?"

"அது யாருங்க பேசுவா? எடுத்துக்கங்க."

டீச்சர் கண்டிப்பான டீச்சர். வகுப்பில் ஒரு புள்ளி விட்டாலும் விடமாட்டார். பேச்சுத் தமிழில் எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பார். அந்த டீச்சர் அன்றே 'எடுத்துக்கங்க' என்று பொத்தானை வரைந்து போட்டார். ஹட்டனில் ஒரு வாத்தியார், எழுத்துச் சொல்லித் தருகிற இடத்திலேயே இப்படியா என்று கேட்டாராம். "உள்ளுக்குப் பாடம் சரியாத்தான் இருக்குது. கதவைத் திறக்கிறதுக்கு அவையின்ர சாவிதான் வேணும்," என்று டீச்சர் சொன்னாராம். பேச்சாயியும் நிறுவைக்குப் போய்த் தன் வாயாலேயே பழைய உத்தரவை வாபஸ் வாங்கினாள். "தொடலாம்டி, டீச்சரு மாத்திட்டாங்க."

அதற்குப் பிறகு எடுத்தார்கள். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சிக்னல் நன்றாக வரும். காலையில் பேர் கூப்பிடும் வரைக்கும் ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். எங்கள் லயத்தில் டீச்சரின் யாழ்ப்பாணக் குரல் ஒவ்வொரு காம்பராவிலும் கேட்டது. "சொல்லுங்கோ, சொல்லுங்கோ," என்று சின்னப் பிள்ளைகள் கிண்டல் பண்ணித் திரிந்தார்கள். நானும் அ-விலிருந்து ஒழுங்காகத் திரும்பத் தொடங்கினேன். இந்த முறை வாத்தியார் மாற்றலாகிப் போகவில்லை. ஓர் எழுத்தை நூறு தடவை கேட்டாலும் அவருக்குக் கோபம் வரவில்லை. தேயிலைப் பொதியிலிருந்த இங்கிலீசு மார்க்கைத் தவிர, கண்ணில் படுகிற எல்லாவற்றையும் இன்றைக்கு வாசிக்கிறேன். பருப்புப் பக்கெட்டை வாசிக்கிறேன். அதில் இவ்வளவு எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுபது வயது வரைக்கும் தெரியாது.

டீச்சருக்கு நோய் என்று தர்மே பாஸ்தான் சொன்னார். கொழும்பில் வைத்தியம் நடந்தது. கடைசியாக நான் மாடி அறைக்குப் போனபோது மெலிந்திருந்தார். மிச்சம் கொஞ்ச எழுத்துகளுக்குக் குரல் பதிய வேண்டியிருந்தது. படுக்கையில் சாய்ந்தபடியே பதிந்துகொண்டிருந்தார். பவானி அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, பஸ் ஹோர்ன் கேட்காத நேரமாகப் பார்த்துச் சொல்லுவார்.

ழ பாடத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். "ழ. வாழை. மழை." பிறகு மூச்சு வாங்குகிறது. "கொஞ்சம் பொறுங்கோ," என்று குரல் சொல்கிறது. சும்மா கொஞ்ச நேரம் போகிறது. பிறகு, "சொல்லுங்கோ, ழ," என்று தொடர்கிறது.

"அந்த எடத்த வெட்டிறலாமுங்களே டீச்சர்?"

"வெட்டினா நிறையும் குறையும்தான்," என்றார். யோசித்தார். "கிடக்கட்டும். படிக்கிற ஆக்களும் வேலை செய்து களைச்சுத்தானே வருகினம். அவையும் பொறுக்கட்டும்."

புறப்படும்போது, "ஐயா, உங்கட போனில எல்லாம் இருக்குதோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "இணையத்தில இருக்கோ எண்டு கேக்கேல்ல. போனில?" என்று திரும்பக் கேட்டார். நான் எடுத்துக் காட்டினேன். வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பதிந்தவற்றில் ழ மட்டும் இல்லை, அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர் முன்னாலேயே பொத்தானை அழுத்தினேன். அது இறங்கி முடியும்வரைக்கும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது என்றதும், "சரி, இனி பஸ்ஸுக்குப் போங்கோ," என்றார்.

சவம் எடுத்த அன்று ஹட்டனில் நல்ல மழை. லயங்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பலர் டீச்சரை நேரில் கண்டவர்கள் இல்லை. ஒரு பெண் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இவங்க மொகம் இப்புடியா இருக்கும், நான் குண்டா இருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாள். குரலை வைத்து நினைத்திருக்கிறாள். தர்மே பாஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வெள்ளைச் சட்டையோடு ஓர் ஓரத்தில் நின்றார். கணினியின் வாடகைக் காலம் முடிந்தால் அந்த இணையப் பக்கம் என்னாகும் என்று எனக்குத் தெரியாது. பவானி அம்மா பார்ப்பதாகச் சொல்கிறார். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் டீச்சர் இவ்வளவு பாடுபட்டார்.

நேற்றுப் பின்னேரம் நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது பேச்சாயி என் போனை எடுத்தாள். இவ்வளவு காலமும், எனக்கு எதுக்குங்க எழுத்து, கொழுந்து என்ன பேரு எழுதியா மொளைக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"சிக்னல் இல்ல இன்னைக்கி," என்றேன்.

"எடுத்து வச்சிருக்கதுக்கு எதுக்கு சிக்னலு?" என்று அழுத்தினாள்.

மாறித் தட்டிவிட்டாள். முதல் எழுத்துக்குப் பதிலாக ழ வந்தது. வாழை, மழை என்று டீச்சர் சொன்னார். பேச்சாயியும் சொன்னாள். அவளுக்கு அது ள-வாகத்தான் வந்தது. பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ," என்றது குரல்.

"சரிங்க டீச்சர்," என்று பேச்சாயி போனைக் கையில் பிடித்தபடி பொறுத்திருந்தாள். நானும் பென்சிலை வைத்துவிட்டுப் பொறுத்திருந்தேன்.

"சொல்லுங்கோ, ழ."

போய் வாருங்கள், டீச்சர். நாங்கள் எடுத்துக்கிட்டோம்.